மூன்றாம் மாடியில் நான்கு பேர்

ஓய்வு பெற்றவர்கள் எழுதுகிற மாதிரியான கட்டுரை இது. எனக்கு முப்பத்துநான்கு வயது. ஓய்வூதியம் இல்லை, பிரியாவிடைக் கூட்டம் நடக்கவில்லை, மாலை போட்டு எடுத்த படமும் இல்லை. நான்கு குளிர்காலங்கள் செய்த ஒரு வேலையை விட்டு ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. அவ்வளவுதான்.

போன மாதம் ஒரு பிள்ளை தொலைபேசியில் கூப்பிட்டாள். இங்கேயே பிறந்து வளர்ந்தவள். தமிழில் தொடங்கிப் பிரெஞ்சில் முடிக்கிற பேச்சு.

"அக்கா, நீங்கள் முந்தி லா ஷப்பெல்லிலை ரெசான்ஸ்மான் செய்தனீங்கள்தானே? எனக்கு இந்த முறை அந்தத் தெருக்கள்தான் தந்திருக்கினம். வெள்ளைக்காரர் திறக்கினம், ஆபிரிக்கர் திறக்கினம், எங்கடை ஆக்கள்தான் திறக்கினம் இல்லை. நீங்கள் என்னெண்டு செய்தனீங்கள்?"

லா ஷப்பெல் பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த பகுதி. ரெசான்ஸ்மான் என்றால் குடிசன மதிப்பீடு. பாரிஸில் அது ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி, பெப்ரவரியில் நடக்கும். எல்லா வீடுகளுக்கும் போவதில்லை. தெரிந்தெடுத்த முகவரிகளுக்கு மட்டும் ஆள் போகும். ஐந்து ஆண்டுகள் கழித்து அதே முகவரி திரும்பவும் வரலாம். என் தெருக்கள் இப்போது அவளுக்கு வந்திருக்கின்றன.

அரை மணி நேரம் அவளுக்கு ஆலோசனை சொன்னேன். வாசல் எண்பூட்டின் இலக்கத்தைக் கீழே உள்ள பாண் சுடுகிற கடையில் நயமாகக் கேட்டால் சொல்வார்கள். மணி அடித்துவிட்டு இரண்டு அடி பின்னால் தள்ளி நிற்கவேண்டும், கதவுத் துளையில் முழு முகமும் தெரியவேண்டும். நாடா கட்டுகிற சப்பாத்து வேண்டாம், சிப்பை இழுத்துச் சட்டென்று கழற்றுகிற சப்பாத்தே நல்லது, ஏனென்றால் தமிழ் வீட்டில் சப்பாத்தோடு நிற்கிறவளிடம் யாரும் உண்மை சொல்லமாட்டார்கள். அவள் சிரித்தாள், எழுதிக்கொண்டாள், நன்றி சொன்னாள். தொலைபேசியை வைத்த பிறகுதான் முக்கியமானதைச் சொல்லவில்லை என்று தெரிந்தது. திருப்பி எடுக்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எடுக்கவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பயிற்சி பெரிதாக ஒன்றுமில்லை. மெரி என்று சொல்கிற நகரசபைக் கட்டடத்தில் இரண்டு அரை நாட்கள். வீடு என்றால் எது, குடும்பம் என்றால் எது, காலி வீடு என்றால் எது என்று சுவரில் படம் காட்டிச் சொன்னார்கள். கடைசியில் ஒரு கடதாசியில் கையெழுத்து வைத்தோம். கதவுக்குப் பின்னால் கண்டதையும் கேட்டதையும் எவருக்கும் சொல்லமாட்டேன், வேலையை விட்ட பிறகும் சொல்லமாட்டேன் என்று. புகைப்படம் ஒட்டிய அட்டை ஒன்று தந்தார்கள். ஒரு குறிப்பேடும் தந்தார்கள். அதற்குக் கார்னே என்று பெயர். ஒரு வீட்டுக்கு ஒரு வரி.

அந்த இரண்டு அரை நாட்களிலும் எனக்குள் சின்னதொரு சந்தோஷம் இருந்தது. ஊரில் உயர்தர வகுப்பில் நான் எடுத்த பாடங்களில் ஒன்று கிரேக்க உரோம நாகரிகம். "அதைப் படிச்சு என்ன உத்தியோகம் பார்க்கப்போறாய், உரோமாபுரியிலையோ?" என்று மாமாமார் கேலி செய்வார்கள். பாரிஸில் எனக்கு உதவிய ஒரே பாடம் அதுதான்.

உரோமர் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை, முடிந்தபோதெல்லாம், தங்களை எண்ணினார்கள். சென்சோர் என்ற அதிகாரிகள் இருவர் நகருக்கு வெளியே ஒரு திடலில் இருப்பார்கள். வீட்டுத் தலைவர்கள் ஒவ்வொருவராக அங்கே நேரில் போய் நிற்கவேண்டும். மனமறிந்து உண்மை சொல்கிறேன் என்று சத்தியம் செய்து, தன் பெயர், தகப்பன் பெயர், வயது, மனைவி உண்டா, பிள்ளைகள் எத்தனை பேர், காணி எவ்வளவு, அடிமைகள் எத்தனை பேர் என்று வாயால் சொல்லவேண்டும். எழுத்தர்கள் எழுதிக்கொள்வார்கள். வீட்டுக்குள் எத்தனை பேர் இருந்தாலும் பேசுகிறவன் ஒருவன்தான். அவன் வாயில் வராதவர் ஏட்டில் வரமாட்டார். எல்லாம் முடிந்த பின் பன்றி, செம்மறி, காளை மூன்றையும் கூடியிருந்த சனத்தைச் சுற்றி நடத்தி வந்து பலி கொடுப்பார்கள். அத்தோடு அந்த ஐந்து ஆண்டுக் கணக்கு சரி.

வராமல் ஒளித்தவனின் சொத்தைப் பறித்து, அவனையே அடிமையாக விற்றுவிடலாம். மறுபக்கமும் உண்டு. ஓர் அடிமை எசமானின் சம்மதத்தோடு சென்சோரின் முன்னால் நின்று பெயர் கொடுத்து, அது குடிமக்கள் ஏட்டில் ஏறிவிட்டால் அவன் சுதந்திரமானவன். பெயர் எழுதப்பட்டது, அதனால் விடுதலை. பரீட்சைக்காகப் பாடமாக்கியபோது அது எனக்கு ஒரு குறிப்பு மட்டுமே.

இன்னொன்றும் படித்தோம். மொத்தத் தொகையைச் சொல்லும்போது ‘கைம்பெண்களும் தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளும் நீங்கலாக’ என்று சொல்வார்களாம். அவர்களுக்கு வேறு பட்டியல். பேசுவதற்குத் தலைவன் இல்லாத வீடுகள்.

என் கணவர் குளிர்காலம் முழுவதும் மலைப்பக்கத்து ஹோட்டல் ஒன்றில் சமையல் வேலை செய்வார். கடைசிக் குளிர்காலத்தில் மகளுக்கு இரண்டு வயது. பகலில் அவளைப் பிள்ளைகள் காப்பகத்தில் விட்டுவிட்டு, பின்னேரங்களிலும் சனிக்கிழமைகளிலும் பக்கத்து வீட்டு அம்மாவிடம் விட்டுவிட்டு நான் படியேறினேன். கதவைப் பூட்டினேனா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பிப் போய்ப் பார்ப்பேன். எத்தனையோ நாட்களில் நான் பேசிய வளர்ந்த மனிதர்கள் அந்தக் கதவுகளில் நின்றவர்கள் மட்டும்தான். எனக்கு அந்த வேலை பிடித்திருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இதை முதலிலேயே சொல்லிவிடவேண்டும்.

எங்கள் மேலாளர் மதாம் செலின். புதுச்சேரியில் பிறந்து ஆறு வயதில் பாரிஸ் வந்தவர், மெரியில் முப்பது ஆண்டு வேலை. கிழமைக்கு ஒரு தடவை கார்னேயை அவரிடம் கொண்டுபோய்க் காட்டவேண்டும். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைப்பார். பென்சில் கூராக இருக்கிறதா என்று நகத்தில் குத்திப் பார்ப்பார். பிறகு எங்கள் முகத்தைப் பார்க்காமல் கார்னேயைக் கடைசிப் பக்கத்திலிருந்து திறப்பார். முதலில் பார்ப்பது நாங்கள் காலி என்று எழுதிய வீடுகளை.

"காலின்னு எழுதியிருக்க. தபால் பெட்டி நெறஞ்சிருந்துச்சா?"

"இல்லை, மதாம்."

"அப்ப யாரோ கடுதாசி எடுக்கறாங்க. காலி வீடு கடுதாசி எடுக்குமா?"

பிழை என்று ஒருநாளும் சொல்லமாட்டார். கார்னேயை எங்கள் பக்கம் திருப்பி, அந்த வரியில் சுட்டுவிரலை வைத்துவிட்டுக் காத்திருப்பார். நாங்கள் சரியாகத் திருத்தும்வரை அந்த விரல் எடுபடாது. முதல் ஆண்டில் ஒரு வீட்டில் குடியிருந்த ஐந்து பேரை, வீட்டுக்காரர் சொன்னபடியே ‘தம்பி’ என்று எழுதிக்கொண்டு போனேன். எங்கள் ஊரில் கூட இருக்கிற எல்லோரும் தம்பிதான். விரல் அந்த வரியில் நின்றது.

"அஞ்சு தம்பி. அஞ்சு பேருக்கும் அஞ்சு அப்பா பேரு. அந்த அம்மா என்ன, திரௌபதியோட மாமியாரா?"

அறையில் சிரித்தது நான் மட்டும்தான். அவர் சிரிக்கவில்லை. ‘வாடகைக்கு உடன் இருப்பவர்’ என்று திருத்தும்வரை காத்திருந்தார்.

இனி அந்த வீடு.

மார்க்ஸ் டோர்மோய் மெட்ரோப் பக்கம், பழைய கட்டடம், மூன்றாம் மாடி, இடது கை. என் நான்காவது குளிர்காலம். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் கதவைத் திறந்தார். அவரை வாசுகி அக்கா என்று சொல்கிறேன்.

"மெரியிலை இருந்தோ? அட, தமிழ்ப் பிள்ளை. உள்ளை வாரும், குளிருக்கை நிக்காதையும்."

சப்பாத்தைக் கழற்றி உள்ளே கால் வைத்தவுடன் அந்த மணம் வந்தது. சரக்குக் கறி. மல்லி, மிளகு, வேர்க்கொம்பு என்கிற சுக்கு எல்லாம் வறுத்து இடித்த தூளில், பிள்ளை பெற்றவளுக்கு மட்டும் வைக்கிற கறி. என் மகள் பிறந்தபோது அம்மா அந்தத் தூளைப் பார்சலில் அனுப்பியிருந்தார். தொலைபேசித் திரையில் அம்மா சொல்லச் சொல்ல நானே வைத்து நானே சாப்பிட்டேன். அந்த மணத்தை நான் வேறு எதனோடும் மாற்றி எண்ணமாட்டேன்.

"எத்தினை பேர் அக்கா இருக்கிறீங்கள்?"

"நாலு பேர். இவர், நான், மகன், மகள். ரெண்டு பேரும் லிசேயிலை படிக்கினம்."

"வேறை ஆரும் கூட இருக்கினமோ?"

"வேறை ஆர்?" என்றார். வீட்டு நடையின் கடைசியில் பூட்டிய அறைக்குள் ஒரு சின்னத் தும்மல் கேட்டது. வாசுகி அக்கா என்னைப் பார்த்தார். நான் கார்னேயைப் பார்த்தேன். "தேத்தண்ணி போடட்டே பிள்ளை?" என்றார்.

பென்சிலால் 4 என்று எழுதினேன். அன்றைக்கே அவர்கள் இணையத்தில் நான்கு பேருக்கும் விபரம் நிரப்பிவிட்டார்கள்.

அந்தக் கிழமை மதாம் செலினிடம் மெல்லச் சொன்னேன், அந்த வீட்டில் ஒரு பச்சைப் பிள்ளை இருக்கிறது, கறி மணத்தில் எனக்குத் தெரியும் என்று. அவர் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார்.

"கேட்டியா?"

"கேட்டன். நாலு பேர் எண்டு சொன்னா."

"ஒரு கேள்வி கேக்கலாம். அதையே ரெண்டாம் தடவை கேட்டா நீ போலீஸ். மூக்கு சொல்றதை நாம எழுதறதில்லை." பக்கத்தைத் திருப்பினார்.

அத்தோடு முடிந்திருக்கவேண்டும். நாலைந்து நாள் கழித்து, அதே கட்டடத்தில் பதில் போடாத வீடுகளின் தபால் பெட்டிகளில் நினைவூட்டல் போட்டுக்கொண்டிருந்தேன். படியில் ஒரு பெண் இறங்கி வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். அளவு பெரிதான ஒரு கோட், அதற்குள் போர்வையில் சுற்றிய பிள்ளை. அவளை நிரோஜா என்று வைத்துக்கொள்வோம்.

"அக்கா, நீங்கள்தானே ஆக்களை எழுதுறது? என்னையும் பிள்ளையையும் எழுதுவீங்களோ?"

மூன்றாம் மாடிச் சின்ன அறையில் இருப்பதாகச் சொன்னாள். பிள்ளைக்கு ஆறு கிழமை. கணவனைப் பற்றி நான் கேட்கவில்லை, அவள் சொல்லவில்லை. வாசுகி அக்கா நல்லவர் என்று இரண்டு தடவை சொன்னாள். ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்தது அவர்தான், பத்தியம் வைத்துத் தருவது அவர்தான். ஆனால் வீட்டு ஒப்பந்தத்தில் நான்கு பேர் மட்டும்தான். கூட ஆள் வைத்திருப்பது தெரிந்தால் வீட்டை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர் அவர்களையே எழுப்பி வெளியே விட்டுவிடுவார்.

எனக்கு உடனே பயம் பிடித்தது. "தங்கச்சி, இதை எழுதினால் உமக்கு ஒரு கடதாசியும் திருப்பி வராது. இதைக் கொண்டுபோய் ஒரு கந்தோரிலையும் காட்ட ஏலாது. விசாவுக்கும் உதவாது. விளங்குதோ?"

"விளங்குது அக்கா."

"பிறகு என்னத்துக்கு?"

அவள் தபால் பெட்டிகளைக் காட்டினாள். "இதிலை என்ரை பேர் இல்லை. கதவிலை இல்லை. இவளுக்குப் பிறந்த பத்திரம் இருக்கு, ஆனால் எங்கை இருக்கிறாள் எண்டு ஒரு இடத்திலையும் இல்லை. ஒரு இடத்திலையாவது இருக்கட்டும்."

வழி இருந்தது. இணையம் வேண்டாதவர்களுக்குக் கடதாசிப் படிவம் உண்டு. வீட்டில் உள்ள மற்றவர்கள் பார்க்கக்கூடாது என்று ஒருவர் நினைத்தால் அதை உறையில் போட்டு ஒட்டித் தரலாம். அவ்வளவும் விதிக்குள்தான். மூலையில் உள்ள துணி துவைக்கும் கடைக்குப் போனோம். மெசின்கள் சுற்றிக்கொண்டிருந்தன, சூடாக இருந்தது. அவள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு சொன்னாள், நான் எழுதினேன். பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம். ஓராண்டுக்கு முன் எங்கே வசித்தீர்கள் என்ற கேள்விக்கு அவள் ஒரு நாட்டின் பெயரைச் சொன்னாள். பிள்ளைக்கு அந்தக் கேள்வியில் ‘இன்னும் பிறக்கவில்லை’ என்ற பெட்டியில் கோடு போட்டேன். அவள் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அரை மணி நேரம் இருக்கும். பால் கொடுப்பது, பிள்ளைக்கு மூக்கு அடைப்பது, குளிரில் எத்தனை உடுப்புப் போடுவது என்று கதைத்தோம். அந்த மாதத்தில் நான் நேரில் இருந்து கதைத்த மிக நீண்ட கதை அதுதான்.

"ஆருக்கும் தெரியாதுதானே அக்கா?"

"ஒருத்தருக்கும் தெரியாது. நான் கையெழுத்து வைச்சிருக்கிறன்."

உறையை ஒட்டி, மேலே வீட்டு இலக்கத்தை மட்டும் எழுதி, மதாம் செலினின் பெட்டிக்குள் போட்டேன். கார்னேயில் 4 ஐ அழித்து 6 எழுதினேன். அவர் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டு கிழமை கழித்து ஒரு சனிக்கிழமை. லா ஷப்பெல்லில் ஒரு மரக்கறிக் கடை. சனிக்கிழமையில் அங்கே நிற்க இடமிராது. மகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வெங்காயச் சாக்கு அருகே நின்றேன். சுற்றி எல்லோரும் எல்லோரையும் தெரிந்தவர்கள். யாரோ யாரையோ கூப்பிட்டு நலம் விசாரிக்கிறார்கள், ஒருத்தி இன்னொருத்தியின் பிள்ளையைக் கன்னத்தில் கிள்ளுகிறாள். என்னை ஒருவரும் கூப்பிடவில்லை. வியாழக்கிழமையிலிருந்து, கதவடியில் கேட்கிற கேள்விகளைத் தவிர, மகளோடு மட்டும்தான் பேசியிருந்தேன். அப்போது நிரோஜா வரிசையில் நிற்பதைக் கண்டேன். தனியாக, பிள்ளை இல்லாமல்.

எங்கள் ஆட்களில் ஒரு தாயைக் கண்டால் பிள்ளையைக் கேட்காமல் போகமுடியாது. கேட்காமல் போனால் அது கோபம் என்று அர்த்தம். நானும் அப்படித்தான் கேட்டேன் என்று கொஞ்சக் காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முழு உண்மை அதல்ல. எனக்கும் அந்தக் கடைக்குள் தெரிந்த முகம் ஒன்று இருக்கிறது என்று நாலு பேருக்குக் காட்ட ஆசையாக இருந்தது. அதனால் சத்தமாகவே கேட்டேன்.

"நிரோஜா! பிள்ளை எப்பிடி? மூக்கடைப்பு மாறிட்டுதோ?"

அவள் முகம் வெளிறியது. நான் திரும்பினேன். கையில் இரண்டு பிடி கறிவேப்பிலையோடு வாசுகி அக்கா நின்றார்.

"உங்களுக்கு நிரோஜாவைத் தெரியுமோ?" அவ்வளவு மரியாதையாக அவர் முன்னர் என்னிடம் பேசியதில்லை.

"கோயிலிலை கண்டனான்..."

"எந்தக் கோயில்? நீர் வேதக்காரப் பிள்ளை, கழுத்திலை சிலுவை தொங்குது. இவள் போறது பிள்ளையாரிட்டை." குரல் உயரவில்லை. "இரகசியம் எண்டு சொல்லித்தானே எழுதிறியள்? ரெண்டு கிழமையிலை எங்கடை வீட்டுக் கணக்கு வெங்காயச் சாக்குக்குப் பக்கத்திலை வந்திட்டுது. இனி வீட்டுக்காரனிட்டைப் போக எத்தினை நாள்?"

அவர் சொன்னது சரி. வெங்காயத்தை வைத்துவிட்டு வெளியே வந்தேன். வண்டிக்குள் மகள் எதற்கோ அழத் தொடங்கினாள். வீடு வரும்வரை நான் ஏன் என்று பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலை பிள்ளைகள் காப்பகத்தின் வாசலில் நிரோஜா நின்றாள். எப்படித் தேடிப் பிடித்தாளோ.

"அக்கா, அந்தக் கடதாசியைத் திருப்பி எடுத்துத் தாங்கோ. கொண்டுபோய்க் கையிலை குடுத்தால் இருக்கலாமாம். இல்லாட்டி இந்த மாசத்தோடை எழும்பட்டாம்."

"நான் வந்து அவையோடை கதைக்கிறன். அது வீட்டுக்காரரிட்டைப் போகாது, எங்கையும் போகாது..."

"நீங்கள் கதைச்சது போதும் அக்கா."

கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னாள். பெப்ரவரியில் இரண்டு மாதக் குழந்தையோடு பாரிஸில் ஓர் அறை தேடுவதென்றால் என்ன என்பதை விளக்கவேண்டியதில்லை. சென் தெனி, பியர்ஃபித் என்று புறநகர்ப் பக்கம் இருக்கிற நான்கு பேருக்கு நானே தொலைபேசி எடுத்துப் பார்த்தேன். குழந்தை என்றதும் எல்லோரும் யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள்.

அன்று மதியம் மதாம் செலினிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கடையில் கேட்டதையும் சொன்னேன். அது குற்றம், வழக்குக்கூடப் போடலாம் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அவர் கடிகாரத்தைக் கழற்றவில்லை. உறைகள் கிடந்த பெட்டியைத் தன் பக்கம் இழுத்து வைத்தார்.

"உறையை என்னட்டைத் தாங்கோ மதாம். நான் கொண்டுபோய்க் குடுக்கிறன்."

"நீ கேக்க முடியாது. அது உன்னோடது இல்லை. இன்னும் அனுப்பலை, அதனால அது அவளோடது. அவ வரணும். இங்க வந்து, அவ வாயால சொல்லணும்."

"அவ பயப்பிடுவா."

"எனக்கும் பயமாத்தான் இருக்குது. நாளைக்கு ரெண்டரைக்கு வரச் சொல்லு."

செவ்வாய்க்கிழமை இரண்டரைக்கு நிரோஜா வந்தாள். பிள்ளையை நெஞ்சோடு கட்டியிருந்தாள். மதாம் செலின் எழுந்து நின்றார். எங்களில் எவருக்கும் அவர் எழுந்ததை நான் கண்டதில்லை. நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டார். பெட்டியிலிருந்து உறையை எடுத்து மேசையின் நடுவில் வைத்தார்.

"இது உன்னோடதாம்மா?"

"ஓம்."

"நான் ஒண்ணு கேப்பேன். இந்த வீட்ல இருக்கேன்னு நீ சொன்னா இது பெட்டியிலேயே இருக்கும். நான் பத்திரமா அனுப்புவேன், யாருக்கும் தெரியாது. இல்லைன்னு சொன்னா உன் கையில குடுத்துடுவேன். ரெண்டுமே தப்பு இல்ல. ஆனா நீதான் சொல்லணும், இவ சொல்லக் கூடாது." என் பக்கம் கையைக் காட்டினார். பிறகு கேட்டார்:

"நீயும் உன் கொழந்தையும் அந்த வீட்ல குடியிருக்கீங்களா?"

பிள்ளை விழித்திருந்தது. முகத்தை அங்கும் இங்கும் திருப்பிப் பால் தேடியது. நிரோஜா அதன் முதுகில் தட்டிக்கொண்டிருந்தாள். சுவரில் சூடாக்கி டிக் டிக் என்று சத்தம் போட்டது. இருக்கிறேன் என்று சொல்லிவிடு என்று எனக்குள் ஒன்று சொல்லியது. சொல்லாதே, அறை போய்விடும் என்று இன்னொன்று சொல்லியது. இரண்டுமே என் குரல்தான்.

"இல்லை," என்றாள்.

மதாம் செலின் இரண்டாம் தடவை கேட்கவில்லை. உறையை எடுத்து இரண்டு கையாலும் அவளிடம் கொடுத்தார்.

உரோமில் ஓர் அடிமை அதிகாரியின் முன்னால் நேரில் வந்து பெயர் சொல்லி விடுதலையாகிப் போனான். இங்கே ஒருத்தி தன் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு நேரில் வந்து, நாங்கள் இல்லை என்று சொல்லிவிட்டுப் போகவேண்டியிருந்தது. அவளை அப்படி வரவைத்தது வாசுகி அக்கா அல்ல, வீட்டுக்காரரும் அல்ல. நான்.

மதாம் செலின் கார்னேயைத் திறந்து என் பக்கம் திருப்பினார். அந்த வரியில் விரலை வைத்தார். 6 என்பதை அழித்து 4 எழுதினேன். விரல் எடுபடவில்லை. பேனா எடுத்து அதன் மேல் மையால் எழுதினேன், பக்கத்தில் கையெழுத்து வைத்தேன். நிரோஜா எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. கோட்டுப் பொத்தான்களைப் பூட்டிக்கொண்டே நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசல்வரை கூடப் போனேன். "சரியக்கா, நான் போட்டு வாறன்," என்றாள். உறையைத் திறக்காமலே பையில் வைத்திருந்தாள், ஒட்டியது ஒட்டியபடி வாசுகி அக்காவிடம் காட்டவேண்டும் என்று. மெட்ரோப் படியில் இறங்கினாள். அந்த அறையில் அவளால் பிறகு எவ்வளவு காலம் இருக்க முடிந்தது என்று எனக்குத் தெரியாது. நான் போய் விசாரிக்கவில்லை. விசாரிப்பதுதானே பிழையாகியது.

மாத முடிவில் அட்டையைத் திருப்பிக் கொடுத்தேன், அடுத்த ஆண்டு வரமாட்டேன் என்றேன். மதாம் செலின் என்மேல் முறைப்பாடு எழுதவில்லை. எழுதியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்குமோ என்று சில நாள் நினைப்பேன். இப்போது ஒரு பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு அறையில் வேலை. கடைத்தெருவில் பிள்ளையோடு யாரையாவது கண்டால் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போகிறேன். எனக்குப் பெருமை பிடித்துவிட்டது என்று சொல்கிறார்களாம்.

தங்கச்சி, உனக்கு நான் தொலைபேசியில் சொல்லாமல் விட்டது இதுதான். எங்கள் ஆட்கள் கதவு திறக்காததற்குக் காரணம் அரசாங்கத்தின் மீதுள்ள பயம் என்று நினைக்காதே. வெள்ளைக்காரன் எழுதிக்கொண்டு போனால் மறந்துவிடுவான். நீ மறக்கமாட்டாய், நாளைக்குக் கடையில் கண்டு நலம் விசாரிப்பாய். அவர்கள் பயப்படுவது அதற்குத்தான். அந்தப் பயம் நியாயமானது.

இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். அன்று வைத்த கையெழுத்து இன்றைக்கும் செல்லும். எனவே இதில் உள்ள பெயர்கள் ஒன்றும் உண்மையில்லை. மாடியை மாற்றியிருக்கிறேன், கதவு இடது கையா வலது கையா என்பதை மாற்றியிருக்கிறேன், பிள்ளை பெண்ணா ஆணா என்பதையும் மாற்றியிருக்கலாம். யாரும் தேடிப் பிடிக்காதபடி நாலு தடவை வாசித்துச் சரிபார்த்துவிட்டேன். அந்தத் தாயும் பிள்ளையும் இந்தக் கட்டுரையிலும் இல்லை.